மின்தடை நாளில் கேட்ட வாக்கு

பகலும் தறி, இரவும் தறி, பிறந்த பிள்ளை முதலில் கேட்பதும் தறி, பாடையில் போகிறவருக்குக் கடைசியாகக் கேட்பதும் தறி என்று இருக்கிற எங்கள் ஓங்காளியம்மன் கோயில் தெருவில், மாதத்துக்கு ஒரு நாள் மின்வாரியத்துக்காரர்கள் பராமரிப்பு என்று சொல்லிக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தி மாலை ஐந்து மணிக்குக் கொடுக்கிற அந்த ஒரே நாளில்தான் எங்களுக்குக் காது என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். அப்படி ஓர் ஆனி மாத நாளில், நூற்றுப்பத்துத் தறியும் ஒரே மூச்சில் நின்று, கொசு பறப்பதே பெரிய செய்தியாக இருந்த நேரத்தில், குழந்தைவேலுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

எப்படிக் கேட்டது என்று யாரும் ஆராயவில்லை. நான் அர்த்தனாரி, தறி மேஸ்திரி. ஓடாத தறியை ஓட வைக்கிறவனே தவிர, ஏன் ஓடுகிறது என்று கேட்கிறவன் இல்லை. முப்பது வருடம் தறிக்கு நடுவில் நின்று என் காது பாதி போய்விட்டது, எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பேன், அப்படிப்பட்ட எனக்கே பிடரிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நின்று யாரோ பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. ஆண் குரல் என்று நான் சொன்னேன், பெண் குரல் என்று மேல்வீட்டு ரங்கநாயகி சொன்னாள், சேலத்துப் பேச்சு என்றார் ஒருவர், கரூர்ப் பக்கம் என்றார் இன்னொருவர். ஆனால் சொன்ன வார்த்தைகளில் மட்டும் சண்டை இல்லை. "உனக்கு வெக்கமில்ல. எல்லாம் உன்னாலதான். உன்னையப் பத்தி எல்லாருக்கும் தெரியும்" என்று அது சொன்னது, சொன்னதையே திரும்பச் சொன்னது, மூச்சு வாங்காமல் ஐந்து மணிவரை சொன்னது.

குழந்தைவேல் யார் என்று சொல்லிவிடுகிறேன். சம்பூரணத்தின் தம்பி, முப்பத்துநாலு வயது. தாய் தகப்பன் போன பிறகு அவனுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்கா அவள். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலான பாவு ஒன்று தீர்ந்தால் அதன் மூவாயிரம் இழையில் ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒன்றை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும், அந்த வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, காலையில் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குள் முடித்துவிடுவான். இருபத்திரண்டாவது வயதில் ஒரு நாள், இழைகள் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்கின்றன என்று பாதியில் எழுந்து போனான். தாயத்துக் கட்டி, வேப்பிலை அடித்து, எல்லாம் பார்த்துவிட்டு சம்பூரணம் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரை குரலைப் பாதி அடக்கியது, கையை முழுக்க நடுங்க வைத்தது, உடம்பை ஊத வைத்தது, பகலெல்லாம் தூங்க வைத்தது. நடுங்குகிற கைக்கு இழை பிடிபடாது. அதனால் அவன் தெருமுனைக் குழாயடியில் உட்கார்ந்திருப்பான், நாங்களும் குழாயைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டு போவோம். அந்த ஆனி மாதத்தில் அவன் அக்காவுக்குத் தெரியாமல் மாத்திரையைத் துப்பிவந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு வருடமாக அவன் காதைப் பொத்தும்போதெல்லாம் "ஒரு சத்தமும் இல்ல சாமி, எல்லாம் உன்ற நெனப்பு" என்று சொல்லிவந்தவள் சம்பூரணம். அன்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததை நான் பார்த்தேன். நேராகக் குழாயடிக்குப் போய் அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதையாடா கேட்டுட்டு இருந்த? இத்தன வருசமா இதையாடா கேட்டுட்டு இருந்த?"

"உனக்கும் கேக்குதாக்கா?" என்றான்.

அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை, வெளுத்துப்போனது. அதுவரை, இது நம் தலைக்குள் மட்டும்தான், பொய்யாகவும் இருக்கலாம் என்று அவனுக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்ததாம். அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறான். இப்போது ஊரே கேட்டுவிட்டது, அப்படியானால் அது சொல்வதெல்லாம் நிஜமாகத்தான் இருக்க வேண்டும். இது எனக்கு அன்று புரியவில்லை. எனக்கு என் பாடே பெரும்பாடாக இருந்தது.

ஏனென்றால் "உனக்கு வெக்கமில்ல" என்று அது சொன்னதும் எனக்கு என் அண்ணன் சாவு ஞாபகம் வந்தது. வரப்புத் தகராறில் பேச்சு நின்று, எடுத்துப்போகிற அன்றைக்குக்கூட நான் போகவில்லை. இது என்னைத்தான் சொல்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி, அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றேன், அவளும் உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். இருபத்துநாலு தறி வைத்திருக்கிற சபாபதி முதலியார் "எல்லாம் உன்னாலதான்" என்பதைக் கேட்டுச் சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்துபோய், அவர் பட்டறையில் பெண்களுக்கான கக்கூஸுக்கு ஆறு வருடமாக இல்லாத கதவைப் போடச் சொன்னார். ரங்கநாயகி மருமகளின் கொலுசை மருமகளிடமே கொடுத்தாள். ஒருவன் அழுதான், எதற்கென்று சொல்லவில்லை. இப்படித் தெருவில் இருந்த அறுபது வீட்டுக்காரர்களும் ஒரே வசவைக் கேட்டு, அது தனக்கென்று வந்ததாகவே எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாவத்தைக் கழுவினோம். நல்லது நடந்ததா என்றால் நடந்தது. அதுதான் இன்றுவரை என் குழப்பம்.

அடுத்த மின்தடைக்குள் அதற்கு வாக்கு என்று பெயர் வைத்தாகிவிட்டது. வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? வாசல் தெளித்து, கோலம் போட்டு, குழாயடியில் அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் எலுமிச்சம்பழம் வைத்து, காலை ஒன்பது மணிக்குத் தறி நின்றதும் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்தோம். பக்கத்துத் தெருக்காரர்களை ஓரமாக உட்கார வைத்தோம். அது திட்டியது. நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நடுவில் அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நெளிந்தான், சாமி இறங்குகிற உடம்பு அப்படித்தான் நெளியும் என்று சபாபதி விளக்கம் சொன்னார்.

சம்பூரணம் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே அவனை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்று கொடுத்தார்: ராத்திரிக்கு இரண்டு, மதியத்துக்கு ஒன்று, கை நடுக்கம் குறையும், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், ஒரு வேளைகூட விடக் கூடாது. அங்கேயே இன்னோர் அறையில், மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ரெஜினா மேடம் அவனோடு வாராவாரம் ஒரு மணி நேரம் பேசினார். ஊருக்கே கேட்கிறது என்று சம்பூரணம் சொன்னதை நம்பாமல், நம்பவில்லை என்றும் சொல்லாமல், அந்த அம்மாள் அடுத்த மின்தடை நாளில் தானே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். குழாயடியில் அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் கேக்குது குழந்தைவேல்" என்றார். "கேக்குதுங்கறது நிஜம். ஆனா அது சொல்றதெல்லாம் நிஜம்னு யார் சொன்னா?"

"இத்தன பேருக்குக் கேக்குதுங்களே மேடம்."

"சத்தமா எல்லாருக்கும் கேக்கறதெல்லாம் உண்மைன்னா, இந்த ஊர்லயே பெரிய ஞானி சபாபதி சாரோட தறிதான்."

அவன் சிரித்தான். அவன் பல் வரிசை எப்படி இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. சபாபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்தது இதுதான்: அது பேசினால் சண்டை போடாதே, கீழ்ப்படியவும் செய்யாதே, "இப்ப எனக்கு வேல இருக்கு, அஞ்சு மணிக்கு வா, பத்து நிமிசம் கேக்கறேன்" என்று சொல், எல்லாம் உன்னால்தான் என்றால், எது என்னால், எப்படி என்று சாட்சி கேள். அவன் நாற்பது தடவை சொன்னால் ஒரு தடவை அது சொன்னபடி அடங்கியது. எங்களுக்கும் அந்த வித்தை பிடித்துப்போய், மாமியார்களிடமும் வசூலுக்கு வருகிறவர்களிடமும் அஞ்சு மணிக்கு வரச் சொல்ல ஆரம்பித்தோம். வீட்டில் இருக்கிறவர்கள் அவனைக் கரித்துக்கொட்டவும் கூடாது, கையில் வைத்துத் தாங்கவும் கூடாது என்று அவர் சம்பூரணத்திடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருவே கூடி நின்று தலையாட்டியது. அவன் வீடு எது, தெரு எது என்று அந்த அம்மாளுக்கே குழம்பியிருக்கும்.

புது மாத்திரை ஒரு மாதத்துக்குமேல் உள்ளே போனதும் வாக்கு மெலிந்தது. புரட்டாசி மின்தடையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவதுபோலத்தான் இருந்தது. எங்களுக்கு எதையோ பறிகொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கொலுசு மறுபடி மாமியார் காலுக்குப் போனது. எனக்கும் வருத்தம்தான், மறைக்க மாட்டேன்; உதட்டைப் பார்க்காமல் நான் கேட்ட ஒரே பேச்சு அது. குழந்தைவேலோ உடம்பு தேறிவந்தான். கை நடுக்கம் குறைந்து, ஒரு காலைப்பொழுதில் நூறு இழை பிணைத்ததாக சம்பூரணம் சொல்லி எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தாள். நாங்கள் வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டே, ஐப்பசி மின்தடைக்கு வாக்கு கேட்குமா என்று யோசித்தோம்.

யார் முதலில் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஆரம்பிக்கவில்லை, ஆனால் நானும் சொன்னேன். "கண்ணு, நாளான்னைக்குக் கரண்டு நிக்குது, நாளைக்கு ஒரு நா மட்டும் மாத்திரைய விட்டுருவியா?" என்று டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டேன். எனக்கு முன்னால் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள், எனக்குப் பின்னால் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள், ஆளாளுக்கு ஏதோ ஒரு நாளைச் சொல்ல, அவனும் மரியாதைக்குச் சரியுங்க, சரியுங்க என்று தலையாட்டியிருக்கிறான். ஒரு வேளைகூட விடக் கூடாதென்ற மாத்திரையை ஒன்பது நாள் விட்டுவிட்டான். ஐப்பசி மின்தடையில் வாக்கு பழையபடி கணீரென்று கேட்டது, நாங்கள் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனோம். அவனோ மூன்று ராத்திரி தூங்காமல், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று சாப்பிடாமல், சாயப்பட்டறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றான். சம்பூரணம் சேலையோடு உள்ளே இறங்கி அவனைக் கட்டிப்பிடித்து மேலே ஏற்றினாள்.

அன்றைக்கு அவள் ஈரச் சேலையோடு தெரு நடுவில் நின்று கேட்டதை நான் உதட்டில் படித்தேன். "உங்களுக்கு நல்லது சொல்றதுக்கு என்ற தம்பி சாகோணுமாங்க?"

நாங்கள் ஒவ்வொருவராக அவரவர் பட்டறைக்குள் போய்விட்டோம். இருபது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அதே மாத்திரையைக் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்து அனுப்பினார்கள். சபாபதி அவள் வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை, கதவு போட்டவர்.

"இத பாரு சம்பூரணம், இது உன்ற தம்பி காரியம் மட்டும் இல்ல, ஊர்க்காரியம். நீ சொல்றதும் வேண்டாம், நான் சொல்றதும் வேண்டாம். அம்மன்கிட்ட பூக் கேட்டுப்போடலாம்."

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும், பெண் எடுப்பதானாலும், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் மடித்து அம்மன் காலடியில் வைத்து, யார் காரியமோ அவர் கையால் ஒன்றை எடுக்கச் சொல்வோம். அதற்குமேல் அப்பீல் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்ததற்குப் பூக் கேட்கிற ஊர் உலகத்தில் இன்னொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியாது. சம்பூரணம் மறுத்திருக்கலாம். ஆனால் அவளும் அந்தத் தெருவில் பிறந்தவள், தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கே பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பூக் கேட்டவள். "அம்மா அன்னிக்குக் கைவிடலீங்க, இன்னிக்கும் விடமாட்டா" என்றாள்.

கார்த்திகை மின்தடை அன்று உச்சிவேளையில் கோயில் முன்னால் தெருவே கூடியது. வெள்ளை வந்தால் மாத்திரை வேண்டாம், வாக்கு இருக்கட்டும். சிவப்பு வந்தால் மாத்திரை என்று சபாபதி மூன்று தடவை உரக்கச் சொன்னார். வாக்கு கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, மறுபடி ஆரம்பித்த மாத்திரை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. கற்பூரம் காட்டியதும் குழந்தைவேல் வந்து குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, பிரித்து, உள்ளங்கையை எங்களுக்குக் காட்டினான்.

வெள்ளை.

எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வந்த உடனே அந்தச் சந்தோஷத்தின்மேல் அருவருப்பும் வந்தது. சம்பூரணம் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மன் உத்தரவு" என்று சபாபதி கையைத் தலைக்குமேல் தூக்கினார்.

குழந்தைவேல் பூவைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பையிலிருந்தே மதிய மாத்திரையை எடுத்தான்.

"அம்மன் சொல்றது சரிதானுங்க" என்றான். "அம்மனுக்கு மாத்திரை வேண்டாம். எனக்கு வேணுமுங்க."

சொல்லிவிட்டு, தீர்த்தச் சொம்பை எடுத்து அண்ணாந்து மாத்திரையை விழுங்கினான். அப்போதுதான் வாக்கு ஒரேயடியாக எழும்பியது. "குழந்தவேலு, நீ உருப்படமாட்ட. குழந்தவேலு, உன்ற அக்காளக் கொன்னுட்டுத்தான் நீ அடங்குவ. செத்துத் தொல குழந்தவேலு" என்று பெயர் சொல்லி, ஊர் சொல்லி, அவன் வயதைச் சொல்லிக் கத்தியது. இத்தனை மாதம் எங்களுக்கென்று எடுத்துக்கொண்ட வசவில் அன்றைக்கு எங்கள் யாருக்கும் ஒரு பங்கும் இல்லை. சபாபதி தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

குழந்தைவேல் கோயில் படியில் உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்வை.

"இது சாயங்காலம் வரைக்கும் நிக்காதுங்க. மாத்திரை வேல செய்ய நாளாகுமுங்க. நீங்க கேக்கறதுன்னா கேட்டுக்கங்க, நான் வேண்டாங்கல. ஆனா அது பேசறப்ப யாராச்சும் என்றகூடப் பேசிட்டு இருந்தா எனக்குக் கொஞ்சம் தாங்குமுங்க. யாராச்சும் பேசுங்க."

அறுபது வீட்டு ஜனமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என்ன பேசுவது? அவனுக்கு என்ன பிடிக்கும், எதைக் கேட்டால் பதில் சொல்வான், ஒருவருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாகக் குழாயைத் தாண்டிப் போனவர்கள் நாங்கள், பிறகு ஐந்து மாதமாக அவனை நாற்காலியில் வைத்து அவனைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டவர்கள். அந்தப் பக்கம் அது செத்துத் தொலை என்கிறது, இந்தப் பக்கம் அவன் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"இன்னும் இல்லீங்க மாமா. பூக் கேட்டுட்டு சாப்பிடலாம்னு அக்கா சொல்லுச்சு."

"என்ன கொழம்பு?"

"பொடலங்காய்ங்க."

"பருப்புப் போட்டா, போடாமயா?"

அவன் யோசித்தான். "போட்டுத்தானுங்க. ஆனா எனக்குப் போடாமதான் புடிக்கும்."

"இத எங்கிட்ட சொல்லவே இல்லியேடா" என்று தூணடியிலிருந்து சம்பூரணம் கேட்டாள், கேட்டுக்கொண்டே அழுதாள். கை நடுக்கத்துக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று ரங்கநாயகி கேட்டாள். தேர்த்திருவிழாவில் ராட்டினம் ஏறுவாயே, இப்போதும் ஏறுவாயா என்று யாரோ கேட்டார்கள். சபாபதியும் கடைசியில் படியில் உட்கார்ந்து, "ஏப்பா, அறுபதாம் நம்பர் மெல்லிசு நூல்ல பாவு பிணைக்கிறது செரமமாத்தான் இருக்குமில்ல?" என்றார், அவன் அவருக்குக் கையில் காட்டி விளக்கினான். பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது, தீர்ந்துபோகும்போது யாராவது ஒரு முட்டாள் கேள்வியைப் போட்டு மறுபடி ஓட வைத்தோம். ஐந்து மணிக்குக் கரண்டு வந்து ஒரு பட்டறையில் விளக்கு எரிந்தது, தறியை ஓட்ட ஒருவரும் எழுந்து போகவில்லை.

மார்கழி மின்தடையில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. அவனுக்கு எப்போதாவது கேட்கிறதாம், அஞ்சு மணிக்கு வரச் சொல்கிறானாம். அன்றைக்குக் கோயில் படியில் அது எங்களை விட்டு எந்த நிமிடத்தில் போனது என்று தெருவில் இன்னும் சண்டை நடக்கிறது, விளக்கு எரிவதற்கு முன்னால் என்கிறார் சபாபதி, பின்னால் என்கிறாள் ரங்கநாயகி. என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, நான் அப்போது குழந்தைவேலிடம் புடலங்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.